வெள்ளிக்கிழமை இடங்கள்

மே 6, செவ்வாய்

கோப்புகள் மேசையிலிருந்து தரைக்கு இறங்கிவிட்டன. காலையிலிருந்து படித்ததில் ஒன்றுகூட மனதில் தங்கவில்லை. எல்லா விண்ணப்பங்களையும் ஒரே ஆள் உட்கார்ந்து எழுதியது போலிருக்கிறது. சிறு வயது முதலே ஆர்வம், சமூகத்துக்குத் திருப்பிச் செய்யும் ஆசை. சிறு வயது முதலே எனக்கு எதில் ஆர்வம் இருந்தது? தூங்குவதில்.

சாயங்காலம் ஒன்று மட்டும் கண்ணில் நின்றது. ஒரு பெண். பள்ளி முடித்தபின் இரண்டு வருடம் வெறும் கட்டம். ஒரு கோடுகூட இழுக்கவில்லை. ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரு பக்கம் நிரப்புவார்கள். இவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "வகுப்பில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். எனக்காக ஒரு தடவை உட்கார வேண்டும்."

மதிப்பெண் மோசமில்லை. ஆனால் இடைவெளிக்காகக் கணினி ஏற்கெனவே புள்ளிகளைக் கழித்து வைத்திருந்தது. ஓரத்தில் எழுதினேன்: காரணம் இல்லை. தெளிவில்லை. வேண்டாம்.

எழுதும்போது தயங்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் யாரும் தயங்குவதில்லை. 'வேண்டாம்' என்று எழுதினால் அதோடு முடிவதில்லை. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை இருக்கிறது.

மே 8, வியாழன்

புது இயக்குநர் அழைத்தார். கணிதத் துறையிலிருந்து வந்தவர், இது அவருக்கு முதல் சேர்க்கைக் காலம். மேசையில் தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறெதுவும் வைத்துக்கொள்ள மாட்டார்.

"அதென்ன வக்காலத்து வெள்ளி? எல்லாரும் சொல்றாங்க. விதிமுறையில தேடிப் பாத்தேன், இல்ல."

விதிமுறையில் இருக்காது என்றேன். சேர்க்கைப் பட்டியல் மூடுவதற்கு முன்னால் வரும் வெள்ளி. நிராகரித்த கோப்புகளில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். யார் 'வேண்டாம்' என்று எழுதினாரோ, அவரேதான் எழுந்து நின்று 'வேண்டும்' என்று வாதாட வேண்டும். அதற்கு முன் அந்த மாணவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியிருக்க வேண்டும். மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கை தூக்குவார்கள். அந்த ஒரு நாளுக்காகவே சில இடங்களை நிரப்பாமல் வைத்திருப்போம். வெள்ளிக்கிழமை இடங்கள் என்று பெயர்.

"யார் ஆரம்பிச்சது?"

"வக்கீலம்மா."

முன்னாள் சேர்க்கைத் தலைவர். படித்தது புவியியல். சட்டப் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். மாணவர்கள் வைத்த பெயர் அது. ஓய்வு பெற்றுப் போன பிறகும் இங்கே யாரும் வேறு பெயர் சொல்லி அவரைக் குறிப்பிட்டதில்லை.

இயக்குநர் தலையாட்டினார். "சுவாரசியம்தான்" என்றார். அது என்ன மாதிரித் தலையாட்டல் என்று தெரியவில்லை.

மே 13, செவ்வாய்

வக்கீலம்மா அழைத்தார். ஒவ்வொரு வருடமும் இந்தச் சமயத்தில் அழைப்பார். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

"இந்த வருஷம் யார் பக்கம் நீ?"

"இன்னும் எடுக்கலம்மா. ஃபைல் மலையா கிடக்கு."

"மலையைப் பாக்காத. ஒரு கல்லை எடு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். மாடிப்படி ஏறிவிட்டுப் பேசுகிறார் என்று நினைத்தேன். "எந்த வெள்ளிக்கிழமைன்னு சொல்லு. வந்து ஒரு மூலையில உக்காந்துக்கறேன். வாயைத் திறக்க மாட்டேன்."

"நீங்களா?"

"சரி, ஒரு தடவை திறப்பேன்."

தேதி முடிவானதும் சொல்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டேதான் வைத்தேன். இன்னும் தேதி முடிவாகவில்லை. அதாவது, முடிவு செய்ய யாரும் உட்காரவில்லை. யாரும் என்றால் நான்.

மே 16, வெள்ளி

தேதி — திங்களன்று இயக்குநரிடம் கேட்க வேண்டும்.

மே 19, திங்கள்

ரேடியோ அக்காதான் சொன்னார். அலுவலகத்தின் மூத்த எழுத்தர், எந்தச் செய்தியும் முதலில் அவரிடம்தான் வரும், உடனே நாலு மேசைக்கும் ஒலிபரப்பாகும். இன்று என் மேசைக்கு மட்டும் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலே எழும்பவில்லை.

"கண்ணு. வக்கீலம்மா போயிட்டாங்க. காலையில. தூக்கத்துலயே."

நான் "எங்க?" என்று கேட்டேன். எங்கே என்று. என்ன கேள்வி அது.

மே 20, செவ்வாய்

அவர் வீட்டுக்குப் போனோம். வாசலில் அத்தனை செருப்புகள். மருத்துவமனைச் சீருடையோடு ஒருவர், கையில் சாக்கட்டித் தூளோடு ஒரு ஆசிரியர், பேருந்து ஓட்டுநர் ஒருவர், வண்டியை எங்கே நிறுத்திவிட்டு வந்தாரோ. யாருக்கும் யாரையும் தெரியவில்லை. ஆனால் ஒருவரையொருவர் பார்த்ததுமே எந்த வருடம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் யார் மூத்தவர் என்று கேட்டுக்கொள்வது போல.

அவர் கணவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"போன வாரம் துணியெல்லாம் தேய்ச்சு மாட்டி வெச்சா. எங்க கிளம்பறேன்னு கேட்டேன். வெள்ளிக்கிழமை ஆஃபீஸ் போகணும்னா. எந்த வெள்ளின்னேன். அது அந்தப் பொண்ணு சொல்லும்னா."

அந்தப் பெண் நான் என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா — முகத்தில் எதுவும் இல்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அலமாரிக் கைப்பிடியில் அந்தத் துணி இன்னமும் தொங்கிக்கொண்டிருந்தது. மடிப்புக் கலையாமல்.

மே 23, வெள்ளி

நினைவுக் கூட்டம் பற்றிப் பேச இயக்குநர் எல்லோரையும் கூப்பிட்டார். பெரிய அரங்கம், பழைய மாணவர்கள், சிறு மலர் ஒன்று. எப்போது வைப்பது என்ற கேள்வி வந்தது. ஆளுக்கு ஒரு தேதி.

நான்தான் சொன்னேன். "ஜூன் ஆறு, வெள்ளிக்கிழமை வைக்கலாம் சார். பட்டியல் மூடற வெள்ளி, வக்காலத்து நாள் அது. அன்னிக்கு வரணும்னுதான் அவங்க இருந்தாங்க."

ரேடியோ அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எனக்கும்தான். அதைவிடப் பொருத்தமான நாள் இருக்க முடியாது என்று தோன்றியது. இப்போதும் எழுதும்போது தோன்றுகிறது.

"அப்ப அந்த வாதாடற வேலை?" என்றார் இயக்குநர்.

"அதை முன்னாடியே புதன்கிழமை வெச்சுக்கலாம் சார்."

"அவங்க இருந்தாங்க, நடந்தது. இப்ப யார் நடத்தறது? நீங்களா?"

சுருக்கென்றது. நீங்களா — அந்த ஒரு சொல்லில் என்னை மேலிருந்து கீழ்வரை அளந்துவிட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. நினைவு மலரின் அட்டைக்குப் பேச்சு போய்விட்டது.

மே 25, ஞாயிறு

கூட்டத்தில் அலுவலகத்தின் சார்பாகப் பேசுவது நான். என்ன சொல்வது? துண்டு துண்டாக:

— கோப்பை நின்றுகொண்டுதான் படிப்பார், ஜன்னல் திண்டில் விரித்து வைத்து. "உக்காந்தா நீதிபதி ஆயிடுவோம்."

— மூக்குக் கண்ணாடிக்கு ரப்பர் பேண்ட். ஓய்வு பெறும் நாளில்கூட அதேதான்.

— இடம் கிடைக்காதவர்களைத் தானே தொலைபேசியில் அழைப்பார். கிடைத்தவர்களைக் கூப்பிட மாட்டார். "அவங்களுக்கு லெட்டர் போதும். சந்தோஷத்துக்கு ஆள் வேண்டாம்."

— கத்துவார். சின்ன விஷயத்துக்குக் கத்துவார். நேரத்துக்கு வேலையை முடிப்பவர்களை அவர் கண்ணுக்கே தெரியாது, பிந்தி வருபவனிடம் போய் என்னாச்சு என்று கேட்பார். அது எனக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது. நான் எப்போதும் நேரத்துக்கு முடிப்பவள்.

— எப்போதும் ஜெயித்தவரில்லை. ஒரு தடவை அவரே வாதாடிக் கொண்டுவந்த பையன் முதல் பருவத்திலேயே காணாமல் போய்விட்டான். துறைத் தலைவர் ஒருவர் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிச் சிரித்தார். இவர் "சரிதான், தோத்துட்டேன்" என்றார். அடுத்த கோப்பை எடுத்தார்.

இதில் எது பேச்சுக்கு ஆகும்? கண்ணாடியும் ஜன்னலும் ஆகும். கத்துவது ஆகாது.

எனக்கென்று ஒரு கதை இல்லை என்பது உறுத்துகிறது. வீட்டு வாசலில் செருப்பு கழற்றிய எல்லோருக்கும் கதை இருந்தது. நான் முதல் சுற்றிலேயே இடம் கிடைத்து வந்தவள், பிறகு இங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள். அதை அவரிடம் ஒருமுறை பெருமையாகச் சொன்னேன்.

"உனக்காக யாரும் எழுந்து நின்னு பேச வேண்டி வரல. அதுதான் உன் பிரச்சினை," என்றார். கேலியாகத்தான்.

கேலியாகத்தானா?

ஜூன் 1, ஞாயிறு

பேச்சை அக்காவிடம் படித்துக் காட்டினேன். என் சொந்த அக்கா. மருந்துக்கடையில் வேலை, காலையில் கடை மீதும் மாலையில் என் மீதும் அதிகாரம். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லாருக்கு. ரொம்பவே நல்லாருக்கு."

"அப்புறம் ஏன் மூஞ்சி அப்படி?"

"ஒண்ணுமில்லடி. அந்தம்மா இதைக் கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சேன்."

"என்ன சொல்லுவாங்க?"

"எனக்கென்ன தெரியும். உன் மேடம். நீ சொன்னதை வெச்சுப் பாத்தா, உக்காந்து எழுதினியா நின்னு எழுதினியான்னு கேப்பாங்க."

போடி என்றேன். உட்கார்ந்துதான் எழுதினேன்.

ஜூன் 4, புதன்

அரங்கத்துக்கு நாற்காலி போதாது என்றார்கள். நினைவு மலரில் இரண்டு படங்கள் தலைகீழாக அச்சாகி வந்தன. அச்சகத்துக்கு நானே ஓடினேன். வக்காலத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ரேடியோ அக்காவிடம் சொன்னேன். அவரும் நாளைக்கே என்றார்.

ஜூன் 5, வியாழன்

மலர் வந்துவிட்டது. பேச்சில் கடைசிப் பத்தி இன்னும் சரியாகவில்லை.

ஜூன் 6, வெள்ளி

அரங்கம் நிரம்பி வெளியிலும் நின்றார்கள். ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். "நான் ஒரு வெள்ளிக்கிழமை இடம்." பல் மருத்துவர் சொன்னார். பாலம் கட்டுகிற பொறியாளர் சொன்னார். பேருந்து ஓட்டுநர் மேடைக்கு வர மறுத்து, நின்ற இடத்திலிருந்தே, "நான் பாதியில விட்டுட்டேன். இருந்தாலும் வெள்ளிக்கிழமை இடம்தான்," என்றார். காணாமல் போன பையன் அவர்தான். கைதட்டல் அடங்கவே இல்லை.

என் முறை வந்தது. ஜன்னலைச் சொன்னேன், ரப்பர் பேண்டைச் சொன்னேன். வக்காலத்து வெள்ளியைப் பற்றிச் சொன்னபோது ஊசி விழுந்தால் கேட்கும். 'வேண்டாம்' என்றவரே எழுந்து நின்று 'வேண்டும்' என்று சொல்வது எப்படிப்பட்டது, ஒரு மனிதனுக்கு அது என்ன செய்யும் என்றெல்லாம் சொன்னேன். நன்றாகவே பேசினேன். இறங்கி வந்ததும் இயக்குநர் கை கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அதை எதிர்பார்க்கவில்லை.

எல்லோரும் போனபின் நானும் ரேடியோ அக்காவும் நாற்காலிகளை அடுக்கினோம். அவர் ஒன்றைத் தூக்கியவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஏன் கண்ணு. இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே?"

"ஆமாக்கா."

"அப்ப வக்காலத்து?"

பட்டியல் இன்று மாலையோடு மூடிவிட்டது. அது தானாக மூடிக்கொள்ளும். காத்திருக்கும் வெள்ளிக்கிழமை இடங்கள் தானாகவே புள்ளி வரிசைப்படி நிரம்பிவிடும். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இங்கே தெரியாதவர்கள் யாருமில்லை. நாங்கள் எல்லோரும் அந்த நேரத்தில் அரங்கத்தில் அவருக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

ரேடியோ அக்கா நாற்காலியைக் கீழே வைத்து அதிலேயே உட்கார்ந்தார்.

"அவங்க இருந்திருந்தா நம்மளை வெளுத்து வாங்கியிருப்பாங்க," என்றார்.

ஜூன் 9, திங்கள்

பட்டியல் வெளியானது.

ஜூன் 10, செவ்வாய்

இடம் கிடைக்காதவர்களை யார் அழைப்பது என்று யாரும் கேட்கவில்லை. வக்கீலம்மா ஓய்வு பெற்ற பிறகு மின்னஞ்சல்தான் போகிறது. நான் அழைக்கிறேன் என்றேன். யாருக்காகச் சொன்னேன்? என் முன்னால் ஒரு கோப்பு இருந்தது, வெறும் கட்டம் விட்ட பெண்ணுடையது.

ஜூன் 12, வியாழன்

முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சலவைக் கடையில் வேலையாம்.

"யுனிவர்சிட்டி சேர்க்கை அலுவலகத்துலேருந்து பேசறேன்."

"சொல்லுங்க மேடம்!"

அந்தக் குரலில் அவ்வளவு வெளிச்சம். மின்னஞ்சலைத் திறக்கவே இல்லை போலிருக்கிறது. சொன்னேன். கொஞ்ச நேரம் இயந்திரம் மட்டும் கேட்டது.

"பரவால்ல மேடம். கூப்பிட்டாவது சொன்னீங்களே."

அப்போதே வைத்திருக்கலாம். ஆனால் வாதாடப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று வருடக்கணக்காக நாக்கில் பழகியிருக்கிறது. அது தானாக வந்துவிட்டது. பள்ளி முடித்தபின் அந்த இரண்டு வருடம் என்ன செய்தீர்கள்?

"ஸ்கூலுக்குப் போனேன்."

"அதான் முடிச்சிட்டீங்களே?"

"நான் முடிச்சிட்டேன் மேடம். தங்கச்சி முடிக்கல. அவளுக்குக் காது கேக்காது. ஸ்கூல்ல ஆளெல்லாம் போட முடியாதுன்னுட்டாங்க. அதனால நான் அவ எதிர்ல உக்காந்து கையாலயே சொல்லுவேன். கணக்கு, அறிவியல், எல்லாம். வாத்தியார் ஜோக் அடிச்சாக்கூட உடனே சொல்லணும், இல்லைன்னா எல்லாரும் எதுக்குச் சிரிக்கறாங்கன்னு என்மேல கோச்சுக்குவா."

"இதை ஏன் நீங்க எழுதல?"

"அதுல 'உங்கள் கல்வி விவரம்'னு இருந்துச்சு. அது அவ கல்விதானே?" கொஞ்சம் தயங்கினாள். "தப்பா மேடம்?"

தப்பில்லை என்றேன். நான் சொன்ன ஒரே சரியான சொல் அதுதான்.

தங்கை இந்த வருடம் தேறிவிட்டாளாம். இரண்டு பேரும் ஒன்றாகவே விண்ணப்பிக்கலாம் என்றிருந்தார்களாம். தங்கைதான் ஒரு வருடம் பொறுத்துக்கொள்கிறேன் என்றாளாம். "முதல்ல நீ போக்கா, இவ்வளவு நாள் எனக்காகப் போனேல்ல-ன்னா. இப்ப அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிக்கறேன்."

கோப்பில் அந்த வெறும் கட்டத்தைப் பார்த்தேன்.

"'கிடைக்கல'ங்கறதுக்குச் சைகை சின்னதுதான் மேடம், ஒரே ஒரு அசைவு," என்றாள். "வெக்கட்டுமா? முதலாளி பாக்கறாரு."

இந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு நான் எழுந்து நின்றிருந்தால் எவ்வளவு நேரம் பேசியிருப்பேன்? 'அது அவ கல்விதானே' — இதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அறையில் ஒரு கை கீழே இருந்திருக்காது.

ஜூன் 13, வெள்ளி

இயக்குநரிடம் போனேன். முழுவதையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

கணினியைத் திறந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "ஒரு இடம்கூட இல்லம்மா. இடம் கிடைச்சவங்க எல்லாம் ஒத்துக்கிட்டாங்க. யாரை எழுப்பறது?"

"தெரியும் சார்."

"அந்த ஒரு நாள் ஏன் நடக்காம போச்சு? நான் கேட்டேனே. யார் நடத்தறது, நீங்களான்னு."

"அது... நீங்க கிண்டலா..."

அவர் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முதன்முறையாக அந்த மேசையில் தண்ணீர் பாட்டிலைத் தவிர இன்னொரு பொருள்.

"நான் புதுசு. எனக்கு அது எப்படி நடக்கும்னு தெரியாது. உங்களைவிட்டா யாரைக் கேப்பேன்? நிஜமாத்தான் கேட்டேன்."

வாசல்வரை வந்தபின் சொன்னார்: "பேச்சு ரொம்ப நல்லா இருந்தது. அதைக் கேட்டதும் உடனே ஆரம்பிக்கணும்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, மணி ஆயிடுச்சுன்னு."

ஜூன் 14, சனி

எந்த வெள்ளிக்கிழமைன்னு சொல்லு. — சொல்லவே இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். அவள் என் தலையைக் கோதினாள். சின்ன வயதிலும் அப்படித்தான். அப்புறம் தன் வழக்கத்துக்குத் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டியா?"

"கேட்டா என்ன ஆகும்? அவளுக்கு இடம் வருமா?"

"வராது. நீ கேட்டதா ஆகும்."

"அது எனக்காகத்தானே, அவளுக்காக இல்லியே."

"உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது, கழுதை. அன்னிக்கு இப்படிப் பேசியிருக்கலாம்ல."

ஆகஸ்ட் 11, திங்கள்

வகுப்புகள் தொடங்கிவிட்டன. நடைபாதையில் எல்லா முகங்களும் ஒரே வயது. அவள் எண்ணை எடுத்தேன், வைத்தேன். அடுத்த வருடம் கட்டாயம் விண்ணப்பியுங்கள் என்று குறுஞ்செய்தி அனுப்பினேன்.

"சரி மேடம் நன்றி" என்று வந்தது.

*

மே 29, வெள்ளி

ஒன்பது மாதமாக இந்த நோட்டைத் தொடவில்லை.

இன்று வக்காலத்து வெள்ளி. இயக்குநர் ஜனவரியிலேயே கேட்டார்: "யார் நடத்தறது?" நான் என்றேன். தேதியை அன்றே குறித்தோம். வக்கீலம்மாவின் கணவருக்கும் சொல்லி அனுப்பினேன். அவர் வந்தார். மூலையில் உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை, ஒரு தடவைகூட.

இயக்குநரே ஒரு கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். வியர்த்து வியர்த்து வாதாடினார். தோற்றார். கை தூக்கியது அவர் மட்டும்தான். "உங்களுக்கு நீங்களே ஓட்டுப் போட்டுக்கிட்டீங்களே சார்," என்றார் ரேடியோ அக்கா. அறையே சிரித்தது. அவரும்தான்.

நான் ஒருவனுக்காக நின்றேன். கிடைத்தது.

நிராகரித்த கோப்புகளை முன்கூட்டியே முழுக்கப் புரட்டியிருந்தேன், ஒரு பெயரைத் தேடி. இல்லை. தேர்வான கோப்புகளிலும் தேடினேன். அவள் விண்ணப்பிக்கவே இல்லை.

ஜூலை 15, புதன்

அடையாள அட்டைக்காக இன்று வரிசை. கையெழுத்திடுவது என் வேலை. ஒரு பெண் தன் தாளையும் இன்னொரு தாளையும் சேர்த்து நீட்டினாள். ஒன்று மாணவர் அட்டை. இன்னொன்று துணையாளர் அட்டை. காது கேளாத மாணவர்கள் தங்களுடன் ஒருவரை வகுப்புக்கு அழைத்து வரலாம் என்று விதிமுறையில் இருக்கிறது. பல்கலைக்கழகமே ஓர் ஆளைத் தருவது பற்றி விதிமுறையில் எதுவும் இல்லை.

துணையாளர் தாளில் இருந்த பெயர் எனக்குத் தெரியும்.

"அடுத்த மேசைல புகைப்படம் எடுக்கணும்," என்றேன். பின்னால் நின்றவள் நிமிர்ந்தாள். முகத்தை நான் அப்போதுதான் பார்க்கிறேன். அவள் என் குரலைத்தான் தெரிந்துவைத்திருந்தாள்.

"நீங்கதானே மேடம், கூப்பிட்டுச் சொன்னது?"

ஆமாம் என்றேன். அவள் தங்கையின் பக்கம் திரும்பிக் கைகளால் ஏதோ சொன்னாள். தங்கை என்னை நேராகப் பார்த்தாள். பதிலுக்கு வேகமாக ஏதோ சொன்னாள், நீளமாக. அக்கா அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல மேடம். சின்னப் பொண்ணு."

தங்கை முதல் சுற்றிலேயே தேர்வானவள். யாரும் எழுந்து நின்று பேச வேண்டியிருக்கவில்லை.

"இந்த வருஷம் நீங்களும் போட்டிருக்கலாமே. வெள்ளிக்கிழமை நான்..." பின்னால் வரிசை நின்றது.

"போட்டா கிடைச்சிடுமே மேடம்," என்றாள் சிரித்துக்கொண்டே. "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கிளாஸ் இருந்தா, நான் எதுல உக்காருவேன்? போன வருஷம்னா நான் ஒரு வருஷம் முன்னாடி போயிருப்பேன். அதுக்குள்ள ஏதாவது வழி பண்ணியிருக்கலாம். இப்ப..." தோளைக் குலுக்கினாள். "பரவால்ல மேடம். கேம்பஸ் நல்லாருக்கு. நிறைய மரம்."

நான் மன்னித்துவிடுங்கள் என்றேன். என் அக்கா சொன்னது சரிதான், கேட்டதாக ஆனது, அவ்வளவுதான்.

இரண்டு அட்டைகளிலும் கையெழுத்திட்டேன். துணையாளர் அட்டையின் ஓரம் வேறு நிறம்.

ஜூலை 16, வியாழன்

விதிமுறையில் ஆள் இல்லை என்றால் ஆள் வேண்டும் என்று எழுத வேண்டும். இயக்குநரிடம் சொன்னேன். எழுதுங்கள் என்றார். மூன்று பக்கம் எழுதினேன், ஜன்னல் திண்டில் வைத்து. இந்த வருடத்துக்குள் நடக்காது என்று இருவருக்குமே தெரியும்.

ஆகஸ்ட் 3, திங்கள்

முதல் நாள் வகுப்புகள். காரணமில்லாமல் முதல் மாடி வழியாகப் போனேன்.

கதவு திறந்திருந்தது. வருகைப் பதிவு நடந்துகொண்டிருந்தது. ஒரு பெயர் வந்ததும் அக்காவின் விரல்கள் அசைந்தன, தங்கை கையை உயர்த்தினாள். அடுத்த பெயர். அதற்கடுத்த பெயர். பதிவேட்டை மூடினார்கள், அக்காவின் பெயர் அதில் வரவில்லை. அக்கா முதல் வரிசைக்கு எதிரே, கரும்பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் பலகையைப் பார்க்காத ஒரே ஆள்.

விரிவுரையாளர் ஏதோ ஒரு ஜோக் சொன்னார். அறை சிரித்தது. அவள் கைகள் அவசரமாக அசைந்தன. தங்கை சிரித்தாள், எல்லோருக்கும் சற்றுப் பின்னால், தனியாக, சத்தமாக.

அக்கா சிரிக்கவில்லை. அதற்குள் அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தார்.